கரண்ட் வந்த நேரம்

செப்டம்பர் 2, திங்கள்

மையத்தில் நான் எழுதும் பதிவேடுகள் பதினொன்று. வருகை, எடை, முட்டை, சத்துமாவு, தடுப்பூசி என்று நீளும். இது பன்னிரண்டாவது. இதை யாரும் கேட்கவில்லை. இது என் வீட்டுக்காரருடைய டைரி. மின்வாரிய ஆபீசில் வருடா வருடம் கொடுப்பார்கள். ஜூன் பதினேழு வரை அவர் கையெழுத்து இருக்கிறது, பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃபார்மர் நம்பர்களும் எந்தத் தெருவில் எந்தக் கம்பி தாழ்ந்து கிடக்கிறது என்பதும். மிச்சப் பக்கம் வீணாகப் போகிறதே என்று எடுத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கரட்டுமேடு அங்கன்வாடியில் நான் டீச்சர். பதினாறு பிள்ளைகள். மூன்று பக்கமும் விசைத்தறிக் கொட்டகைகள், நாலாவது பக்கம் சாக்கடை. தறிச் சத்தத்தில் இந்த ஊரில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. நானும் கத்திக் கத்தித்தான் கதை சொல்வேன். பிள்ளைகளும் கத்திக் கத்தித்தான் தண்ணீர் கேட்கும்.

இன்று முட்டை நாள். பதினாலு பேர் வந்தார்கள். காலையில் வீட்டில் இரண்டு டம்ளர் அரிசி போட்டுவிட்டேன். ஒன்று போதும். கைப்பழக்கம். மீதிச் சோறு பாவாயி அக்காவின் கோழிகளுக்குப் போனது.

செப்டம்பர் 5, வியாழன்

சூப்பர்வைசர் ஹேமலதா மேடம் வந்தார். எடை மெஷினைப் பார்த்தார், கழிப்பறையைப் பார்த்தார், சுவரில் பல்லியைப் பார்த்து ஒரு அடி தள்ளி உட்கார்ந்தார். பிள்ளைகளின் வளர்ச்சி மதிப்பீட்டு அட்டைகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

"இந்த வட்டாரத்துல உங்க சென்டர்ல மட்டுந்தான் எல்லா அட்டையும் சொன்ன தேதிக்கு வந்துச்சு. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. உங்க நெலமையிலயும் இப்படி வேல பாத்திருக்கீங்க. மத்தவங்களுக்கு நான் உங்களத்தான் சொல்றேன்."

ஜூலை ஐந்தாம் தேதி, அவர் காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஒரே மூச்சில் முடித்த அட்டைகள் அவை. நன்றி மேடம் என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

பிளாக் ஆபீசில் பயிற்சி. முன்பருவக் கல்வியின் நோக்கங்கள் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். சேலத்திலிருந்து ஒரு அம்மா வந்து பேசினார். சின்ன உருவம், பெரிய குரல்.

"மூணு வயசுலருந்து ஆறு வயசுக்குள்ள ஒரு புள்ளைக்கு நாம என்ன கத்துத் தரணும்? ஏபிசிடியா? இல்லீங்க. கத்துக்கறது ருசியா இருக்கும்னு அதுக்குத் தெரியணும். அவ்வளவுதான். அந்த ருசி வந்துட்டா மிச்சத்த அதுவே பாத்துக்கும். அதுக்கு நாம செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்தப் புள்ளையப் பாக்கணும். எதப் பாத்தா அது கண்ணு விரியுதுன்னு பாக்கணும்."

நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன். பஜ்ஜி கொடுத்தார்கள். உப்பு அதிகம். முன்பெல்லாம் இப்படிப் பயிற்சிக்குப் போனால் வரும் வழியெல்லாம் மண்டைக்குள் பாட்டும் விளையாட்டுமாக ஓடும். இன்று பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் எத்தனை இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழு.

செப்டம்பர் 11, புதன்

தங்கமணி வந்திருந்தாள். கனிஷ்காவின் அம்மா. பக்கத்துக் கொட்டகையில் நாலு தறி ஓட்டுகிறாள். தலையெல்லாம் பஞ்சு.

"டீச்சருங், டிசம்பர்ல கான்வென்ட்டுல இன்டர்வியூ வெக்கறாங்களாமா. புள்ள பேரச் சொல்லோணுமாமா. இவ வாயே தொறக்க மாட்டேங்கறா. நெம்பக் கூச்சம். பேரு மட்டும் சொல்லப் பழக்கிட்டீங்கன்னாப் போதுமுங்."

"ஊட்டுல பேசறாளா?"

"ம்மாங்கறா. கையக் காட்டுவா. அவங்கப்பனே அஞ்சு வயசுலதானுங் பேசுனாராமா. நீங்கதான் அட்டையில எல்லாம் ஆமான்னு போட்டுக் குடுத்துட்டீங்களே, அப்பறம் எனக்கென்ன கவல."

கனிஷ்காவுக்கு நாலேகால் வயசு. ஜூன் முதல் வாரம்தான் சேர்ந்தாள். தொல்லையே இல்லாத பிள்ளை. எங்கே உட்கார வைத்தாலும் உட்காரும். சரி, பழக்கிவிடுகிறேன் என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மாதாந்திர மின்தடை, ஒன்பது முதல் நாலு. தலைவலி. லீவு.

செப்டம்பர் 18, புதன்

பாவாயி அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினெட்டு வருடமாக இங்கே சமையலும் கூட்டிப் பெருக்கலும் அவர்தான். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"ஜூலைலயும் மின்தடையன்னிக்கு லீவு, ஆகஸ்ட்லயும் லீவு, நேத்தும் லீவு. எத்தன மாசத்துக்குங் டீச்சர் தலவலி?"

நான் முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"புள்ளைங்க உங்களத்தான் கேட்டுதுங்க. கரண்ட் வந்ததும் எல்லாம் எந்திரிச்சுக் கை தட்டிப்போட்டு, டீச்சர் எங்கேன்னு கேக்குதுங்க. அந்தக் கனிஷ்கா மட்டும் கம்முனு உக்காந்திருக்கும். நல்ல புள்ள அது."

ஒரு முட்டை விரிசல். அதையும் சேர்த்து முப்பது.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஆட்டப் பாட்டு. மழைக்கு விரல்களை உதிர்ப்பது, தவளைக்குக் குதிப்பது, குடைக்குக் கையைத் தலைக்கு மேல் விரிப்பது. வாய் பாடியது, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவினேஷ் குடைக்குக் குதித்தான். மௌலிகா தவளையாகவே கடைசிவரை இருந்துவிட்டாள். கனிஷ்கா எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள், ஆனால் எப்போதும் அரை மாத்திரை பின்னால். பக்கத்திலிருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள்.

பெயர் சொல்லப் பழக்கினேன். என் வாயையே உற்றுப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள், விரித்தாள். சத்தம் வரவில்லை. கூச்சம்தான்.

அக்டோபர் 1, செவ்வாய்

புளியங்கொட்டை டப்பாவை யாரோ கொட்டிவிட்டார்கள். கனிஷ்கா ஒருத்தியாக மூலையில் உட்கார்ந்து பெரியது, நடுத்தரம், சின்னது, பூச்சி அரித்தது என்று நாலு வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பூச்சி அரித்த வரிசையைக் காட்டி மூக்கைச் சுருக்கினாள்.

சேலத்து அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கண் விரிந்திருந்தது அவளுக்கு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போட்டோ எடுத்து செயலியில் ஏற்றினேன். நெட் இல்லை.

அக்டோபர் 9, புதன்

அரிசி இரண்டு டம்ளர்.

அக்டோபர் 15, செவ்வாய்

மின்தடை நாள். பாவாயி அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி. விடியற்காலையிலேயே போன் வந்துவிட்டது. இரண்டு பேரும் லீவு போட முடியாது. போனேன்.

ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. நின்ற பிறகு ஊரே ஒரு நிமிடம் முழித்தது. பிள்ளைகள் பழக்க தோஷத்தில் கத்திப் பேசி, தங்கள் குரலே பெரிதாகக் கேட்டுத் தாங்களே சிரித்துக்கொண்டன. மதியம் சாம்பார் சாதம். வாணலி கழுவினேன், தூங்க வைத்தேன், எழுப்பினேன். நாலு மணிக்கு முன்னால் பிள்ளைகளை அனுப்பிவிடலாம் என்று மூன்று மணிக்கே தலைவாரி விட ஆரம்பித்தேன்.

மூணே காலுக்கே கரண்ட் வந்துவிட்டது. முதலில் வடக்குக் கொட்டகையில் ஒரு தறி, அப்புறம் நாலு, அப்புறம் எல்லாம். மின்விசிறி முனகியது. பிள்ளைகள் எல்லாம் எழுந்து கை தட்டி, "மாமா!" என்று கத்தின. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்போது கனிஷ்காவைப் பார்த்தேன். சுவரைப் பார்த்து, எல்லாருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்து கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தலை திரும்பவில்லை. இத்தனை தறியும் ஒரே நேரத்தில் பிடித்த சத்தத்தில் எனக்கு உயிர் போய் வந்தது, அவள் தோள் அசையவில்லை. அடுத்த கொட்டையை எடுக்கத் திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். உடனே எழுந்து வந்து என் சேலையைப் பிடித்து, கையிலிருந்த பெரிய கொட்டையை என்னிடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அவளைத் திரும்ப உட்கார வைத்து, பின்னால் போய், சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தேன். பதினோரு பிள்ளைகள் துள்ளின. விளையாட்டென்று நினைத்து இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றன. இன்னொரு தடவை அடித்தேன். கனிஷ்கா என்று கத்தினேன். அவள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எல்லாரையும் அனுப்பிவிட்டு பீரோவைத் திறந்து அட்டைகளை எடுத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது: ஆம். சொன்னதைக் கேட்டுச் செய்கிறது: ஆம். சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறது: ஆம். பதினாறு அட்டையிலும் அதே டிக், அதே சாய்வு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் டிக்கின் மேல் டிக் உட்காருகிறது.

அன்று நான் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அட்டையின் மேலிருந்த பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

இன்று சொல்லவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. தங்கமணிக்கு ஷிப்ட் மாறிவிட்டது என்றார்கள். நான் போய்ப் பார்த்திருக்கலாம். பக்கத்துக் கொட்டகைதான்.

அடுத்த மதிப்பீடு ஜனவரியில். அதில் சரியாகக் குறித்துவிட்டால் குறை இப்போதுதான் தெரிந்தது என்று ஆகிவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படியும் யோசித்தேன். எழுதி வைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் கனிஷ்கா எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, என் உதட்டைப் பார்த்து, சத்தமில்லாமல் தன் உதட்டைக் குவித்து விரித்தாள். நான் சொல்லிக்கொடுத்த அவள் பெயர். மூன்று வாரமாகத் தானாகவே பழகியிருக்கிறாள்.

அக்டோபர் 18, வெள்ளி

கொட்டகைக்குப் போனேன்.

உள்ளே இருபத்து நாலு தறி. அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. இழை அறுந்தால் இரண்டு விரலைக் கத்திரி மாதிரி வெட்டிக் காட்டுவார்கள். டீக்குக் கட்டை விரல். முதலாளி வந்தால் மீசை தடவுவது. தங்கமணி தறிகளுக்கு நடுவில் நின்று என்னைப் பார்த்து என்ன என்று கையை விரித்தாள். "கனிஷ்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினேன். பிறகு காதைத் தொட்டு, கையை ஆட்டினேன்.

அவள் சிரித்தாள். தன் காதைத் தொட்டு அதே மாதிரி கையை ஆட்டி, தறிகளைக் காட்டி, வெளியே போகலாம் என்றாள்.

"ஏனுங் டீச்சர், தறிக்குள்ள வந்து சொன்னா யாருக்குக் கேக்கும்? சொல்லுங்."

"கனிஷ்காவுக்குத்தான் காது கேக்கலீன்னு நெனைக்கறேன், தங்கமணி."

"அதெல்லாம் கேக்குமுங். வான்னா வாரா. சோறுன்னாத் தட்டம் எடுத்தாரா. போன வாரங்கூட அவங்கப்பன் சீப்பு கேட்டாரு, எடுத்துக் குடுத்தா."

"கையக் காட்டாம எப்பவாச்சும் கூப்புட்டிருக்கறயா?"

தங்கமணி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் தன் வலது கையைப் பார்த்தாள். பேசும்போது அது பாட்டுக்கு வா என்றும் சோறு என்றும் சீப்பு என்றும் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

உள்ளே அவள் தறியில் இழை அறுந்து யாரோ விசிலடித்தார்கள். அவள் போகவில்லை.

அக்டோபர் 19, சனி

கனிஷ்காவின் அப்பா பழனிவேல் வந்தார். கையில் அட்டை. ஜூலையில் பெற்றோர் கூட்டத்தில் நான் கொடுத்த நகல். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். முனையில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"ராத்திரி பூரா பின்னாடி நின்னு கூப்புட்டுப் பாத்தனுங். திரும்பலீங். இதுல ஆமான்னு போட்டிருக்குதுங்களே டீச்சர். நீங்க போட்டதுதானுங்களே?"

"நான் போட்டதுதாங்க. பாக்காம போட்டுட்டேன்."

"என்ற புள்ளையப் பாக்காமயா?"

"யாரையுமே பாக்கலீங்க."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த ஊரில் முதல்முறையாக ஒருவர் மெதுவாகப் பேசினார். என்ன சொல்கிறார் என்று கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

"எங்களுக்குப் படிப்பில்லீங். நீங்க எழுதுனா அது சரின்னு நெனச்சோம். மூணு மாசத்துக்கு மேல ஆச்சுங்."

அட்டையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாவாயி அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கூட்டல் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

ஈரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரி. தங்கமணியோடு நானும் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் கனிஷ்கா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, கடந்து போன கடைகளின் படங்களையெல்லாம் விரலால் காற்றில் வரைந்துகொண்டு வந்தாள்.

முதல் சோதனை. டாக்டர் சின்ன வயசுப் பெண். பதினைந்து நாள் கழித்து இன்னொரு சோதனை இருக்கிறது, பிள்ளை தூங்கும்போது எடுப்பது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் ரொம்பக் குறைவு, ஆனால் அறவே இல்லாமல் இல்லை என்றார்.

"மெஷின் வச்சுப் பழக்கினா பேச வரும். நாலேகால் வயசு. இன்னும் நேரம் இருக்கு. ஆனா போன மாசமெல்லாம் போனதுதான். ஏன் இத்தன நாள் பாக்கல?"

தங்கமணி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். நான் சொன்னேன். "நான் அங்கன்வாடி டீச்சர் மேடம். நான்தான் கவனிக்கல." டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

வரும்போது பஸ் ஸ்டாண்டில் தங்கமணி மூன்று டீ வாங்கினாள். ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான்.

நவம்பர் 5, செவ்வாய்

தூக்கச் சோதனை முடிந்தது. முதலில் சொன்னதேதான். மெஷினுக்கு அளவெடுத்தார்கள்.

நவம்பர் 7, வியாழன்

ஹேமலதா மேடம் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"கை தவறி ஒரு கட்டத்துல டிக் விழுந்துடுச்சுன்னு எழுதுங்க ருக்மணி. ஒரே ஒரு அட்டை. நான் மேல பேசிக்கறேன். வீட்டுக்காரர் போய் பதினேழு நாள் ஆகியிருந்துச்சு, யாரு உங்களக் கேக்கப் போறா?"

நல்ல மனசில்தான் சொன்னார். பேனாவையும் அவரே கொடுத்தார். கை தவறி என்று எழுத ஆரம்பித்தேன். இந்தக் கை எங்கும் தவறவில்லை. பதினாறு அட்டையிலும் ஒரே இடத்தில் விழுந்த கை அது. பேப்பரைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: ஜூலை ஐந்தாம் தேதி பதினாறு பிள்ளைகளையும் பார்க்காமலே எல்லாக் கட்டத்திலும் ஆம் என்று குறித்தேன். என் சொந்தத் துயரம் காரணம். அது பிள்ளைகளின் குற்றம் இல்லை.

மேடம் படித்தார். வேறு மையத்துக்கு மாற்றலாம், அதற்கு மேலும் வரலாம், என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அதுவரை பதினாறு அட்டையையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளை, அதற்கு மேல் கூடாது.

நவம்பர் 8, வெள்ளி

கவினேஷ் நாலு வரை எண்ணுகிறான். அதற்கு மேல் "நெறைய". நாலும் நாலும் எத்தனை என்றால் "நெறைய நெறைய". மௌலிகாவுக்கு நிறம் தெரியாது என்று நினைத்தேன். தெரியும். தறியில் ஓடும் நூலின் நிறங்கள் மட்டும் தெரியும். மயில் கழுத்து, மாம்பழம், செங்கல். சிவப்பு என்றால் எது என்று கேட்கிறாள்.

நவம்பர் 11, திங்கள்

தர்னீஷுக்கு இடது கை. எட்டு வருடம் முன்பென்றால் நான் மாற்றியிருப்பேன். இன்னொரு பையன் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாமல் என்னைக் கேள்வி கேட்டான். பல்லி ஏன் விழுவதில்லை, முட்டைக்கு ஏன் கதவு இல்லை. கேள்வி கேட்கிறது: ஆம் என்று குறித்தேன். கீழே இடம் இருந்தது, முட்டைக்குக் கதவு என்பதையும் எழுதினேன்.

இவ்வளவு நாள் இவர்கள் எல்லாரும் இதே அறையில்தான் இருந்திருக்கிறார்கள்.

நவம்பர் 14, வியாழன்

கனிஷ்காவின் அட்டை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது: இல்லை. வாக்கியம் பேசுகிறது: இல்லை. வகை பிரித்து அடுக்குகிறது: ஆம். பார்த்துச் செய்கிறது: ஆம். புதியதைக் கற்க விரும்புகிறது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பாட்டும் கேட்காமல் எல்லாப் பாட்டையும் ஆடியிருக்கிறாள். ஒரு கதையும் கேட்காமல் மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்திருக்கிறாள். எல்லாருக்கும் காதால் வந்ததை இவள் ஒவ்வொரு நாளும் கண்ணால் பொறுக்கி எடுத்திருக்கிறாள். அந்த அரை மாத்திரையில் அவ்வளவு வேலை நடந்திருக்கிறது. நான் நல்ல பிள்ளை என்று ஒதுக்கி உட்கார வைத்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜூனுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி இதுதான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

மின்தடை. லீவு போடவில்லை. மூன்றரைக்குக் கரண்ட் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் பதினெட்டின் பக்கம் காலியாக இருக்கிறது. அதை நான்தான் எழுத வேண்டும்.

அவர் லைன்மேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மையத்துப் பிள்ளைகளை நம்ம பதினாறு என்பார். மின்தடை நாளில் ஊரில் எங்காவது கம்பத்தில் இருப்பார். வேலை முடிந்து கரண்ட் வந்ததும் நான் பிள்ளைகளைக் கேட்பேன், "கரண்ட் யாரு விட்டது?" எல்லாம் "மாமா!" என்று கத்திக் கை தட்டும். நான் சொல்லிக்கொடுத்த பழக்கம். ஐந்தாறு வருடமாக நடக்கிறது. வருகிற பிள்ளைகள் எல்லாம் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும்.

அன்று மூணு பத்துக்கு வந்தது. ஒரு கொட்டகையில் மட்டும் தறி பிடித்து உடனே நின்றது. நிறுத்தி வைத்த லைனில் எங்கிருந்து திரும்பி வந்த கரண்ட் என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. நான் கேட்டேன், கரண்ட் யாரு விட்டது. பிள்ளைகள் மாமா என்றன. எல்லாரும் கை தட்டினோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினேன். அவர் இன்னும் கம்பத்தின் மேலேதான் இருந்தார்.

டிசம்பர் 3, செவ்வாய்

மாற்றல் இல்லை என்று மேடம் போனில் சொன்னார். கண்டனக் கடிதம் வரும், கோப்பில் இருக்கும். சரி என்றேன். பாவாயி அக்கா பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். அக்காவின் மூக்கு அப்படியே.

டிசம்பர் 11, புதன்

மெஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். பழனிவேல் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் பேசினார். பேட்டரி மாற்றுவது எப்படி, தண்ணீர் படாமல் பார்ப்பது எப்படி என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தார். என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"பாத்துக்குவீங்களா டீச்சர்?"

"பாத்துக்கறேங்க."

கான்வென்ட் இன்டர்வியூவுக்குப் போகவில்லையாம். இங்கேயே இருக்கட்டும் என்று தங்கமணி சொல்லிவிட்டாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கனிஷ்கா நாளெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை மெஷினைக் கழற்றிப் போட்டாள். மூன்றாவது தடவை மாட்டிவிட்ட பிறகு, புளியங்கொட்டையை டப்பாவில் போட்டபோது கை நின்றது. எடுத்தாள், திரும்பப் போட்டாள். எடுத்தாள், போட்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அதையே செய்தாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

மின்தடை நாள்.

கனிஷ்கா தன் மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மணியிலிருந்து நான் எந்த வேலையும் செய்யவில்லை. ஜன்னல் பக்கம் போகவில்லை. அவளுக்கு இரண்டு அடி பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பாவாயி அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

மூணு இருபதுக்கு வடக்குக் கொட்டகையில் முதல் தறி. அவள் கையிலிருந்த கொட்டை கீழே விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, அப்புறம் எல்லாம். தலை மெல்லத் திரும்பியது. பிள்ளைகள் பக்கம் அல்ல, என் முகத்தின் பக்கமும் அல்ல, கொட்டகை இருக்கும் திசைக்கு. அவள் அம்மா நிற்கும் திசை. யாரையும் பார்க்காமல், மற்ற பிள்ளைகள் எழுவதற்கு முன்னால், தானே கை தட்டினாள். அவள்தான் முதலில்.

அப்புறம் எல்லாம் எழுந்து தட்டின. தட்டி முடித்து என்னைப் பார்த்தன. ஆறு மாதமாக நான் கேட்காத கேள்வி. குழந்தைகள் எதையும் மறப்பதில்லை.

"கரண்ட் யாரு விட்டது?" என்றேன்.

"மாமா!" என்று எல்லாம் கத்தின. கனிஷ்கா என் உதட்டைப் பார்த்தாள், அவர்கள் உதட்டைப் பார்த்தாள், தன் காதிலிருந்த மெஷினை ஒரு விரலால் தொட்டாள். "ம்மா... மா" என்றாள். கரகரத்த குரல். அரை மாத்திரை பின்னால்தான்.

நான் அழுதேன். ஜூன் பதினெட்டிலிருந்து இன்றுதான். தறிச் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. கனிஷ்காவுக்குக் கேட்டது, வந்து என் வாயில் கை வைத்துப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் வரிசையாக நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.